பிள்ளைகளுக்கு பேண்ட் ஆரம்பிக்கிறீர்களா? டிரம்பெட் வேண்டாம்

பள்ளி விட்டதும் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பேண்ட் வைக்கலாம் என்று வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் ஐந்தாறு பெற்றோர் கிளம்பியபோது, முதலில் விசாரித்ததே டிரம்பெட் விலையைத்தான். தப்பு. இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்றால் முன்பல் விழுந்து முளைக்கிற வயசு, உதட்டை அழுத்தி எப்படி ஊதுவார்கள்?

பிளாஸ்டிக் ரெக்கார்டர் போதும், அதாவது நேராகப் பிடித்து ஊதுகிற சின்னக் குழல். முன்னால் 7 துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. இடது கையை மட்டும் வைத்தே பி, ஏ, ஜி மூன்று சுரமும் வந்துவிடும், அதை வைத்தே முதல் மாதத்தை ஓட்டலாம். ஆனால் எல்லாருக்கும் ஒருவரே சேர்த்து வாங்குங்கள். பரோக், ஜெர்மன் என்று இரண்டு வகை உண்டு, எஃப் சுரத்துக்கு விரல் வைப்பது மாறும். ஆளுக்கு ஒன்றாக வாங்கி வந்ததில், எங்கள் வீட்டு வாண்டின் குழல் மட்டும் சுருதி சேராமல் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது, பாவம் அவனைத்தான் எல்லாரும் முறைத்தோம்.

ஒருவர் ஊதியதை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம், வாய்ப்பகுதியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் சரி. பலமாக ஊதினால் சுருதி ஏறிவிடும், அதனால் 'சூடான டீயை ஆற்றுகிற மாதிரி ஊது' என்று சொல்லிப் பாருங்கள், உடனே அடங்கும். வாரம் இரண்டு நாள், 40 நிமிடம். அப்புறம் இடம்: மொட்டை மாடி வேண்டாம், வேலூர் வெயிலுக்கு சாயங்காலம் 5 மணிக்கும் தரை காலைச் சுடும்.