மாத்திரை வாங்க வராதவர் யார்? நர்சிங் மாணவர்களுக்கு ஓர் ஆய்வுச் செய்முறை

எம்.எஸ்சி. நர்சிங் சேர்ந்ததும் தொடங்கிவிடும் பேச்சு "என்ன டாபிக் எடுக்கலாம்?" என்பதுதான். பாதிப் பேர் ஒரு வகுப்பு எடுத்து, முன்னும் பின்னும் மார்க் போட்டு, "ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராமால் அறிவு கூடியது" என்று பைண்டிங் செய்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் கூடத்தானே செய்யும்!

வடசென்னையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிட உருப்படியான ஆய்வு மேசை மேலேயே கிடக்கிறது. அது பிபி, சுகர் ரெஜிஸ்டர். பெயர் எழுதி ஒரு மாதம் மாத்திரை வாங்கிவிட்டு அப்புறம் காணாமல் போனவர்கள் யார், எதனால் போனார்கள்? மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1971-லேயே எழுதிவிட்டார். அது நம் தெருவில் எப்படி நடக்கிறது என்பதை நர்ஸ்தான் கண்டுபிடிக்க முடியும், ஏனென்றால் ரெஜிஸ்டரும் நம்மிடம், வீட்டு வாசலும் நம்மிடம். பிபி பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதில் இறங்கவில்லை.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"வடசென்னை மக்களுக்கான சமமான சுகாதார வசதி" என்று தலைப்பு வைத்தால் கைடு சந்தோஷப்படுவார், நீங்கள்தான் அழுவீர்கள். ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், பிபி மட்டும், கடந்த 6 மாதம், தொடர்ந்து 2 மாதம் மாத்திரை வாங்காதவர்கள். இவ்வளவு போதும்.

படி 2: அனுமதி

கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி, அப்புறம் அந்த நிலையத்தை நடத்தும் நிர்வாகம், இரண்டிடமும் எழுத்தில் வாங்குங்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறை வழிகாட்டுதலை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில், வாசித்துக் காட்டினால் புரிகிற மாதிரி இருக்கட்டும். மாத்திரை கொடுக்கிற சிஸ்டரே யூனிஃபார்மில் நின்று "ஆய்வில் சேருகிறீர்களா?" என்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? அந்த வேலையை அங்கே பணியில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள்.

படி 3: பட்டியல் (நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்)

ஆய்வு கவிழ்வது இங்கேதான். ஓபி வரிசையில் நிற்பவர்களைப் பிடித்து "உங்களுக்கு என்ன சிரமம்?" என்று கேட்பது சுலபம். ஆனால் வரிசையில் நிற்கிறவர் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டவர். வர முடியாதவரின் காரணம் அவரிடம் இருக்காது. அதனால் ரெஜிஸ்டரில் இருந்து பெயர் எடுத்து வீடு தேடித்தான் போக வேண்டும்.

எத்தனை பேர்? கல்லூரியில் சொல்லித் தரும் 4பிக்யூ/எல்² கணக்கில் (பி எதிர்பார்க்கும் விகிதம், க்யூ 100-ல் மீதி, எல் அனுமதிக்கும் பிழை), விகிதம் 50, பிழை 5 என்று வைத்தால் 400 வரும். ரெஜிஸ்டரில் விடுபட்டவர்களே மொத்தம் 600 பேர்தான் என்றால் 400 தேவையில்லை: 400-ஐ (1 + 400/600) ஆல் வகுத்தால் 240. குலுக்கல் முறையில் எடுங்கள். பக்கத்துத் தெருவில் இருப்பவர்களாகப் பொறுக்காதீர்கள்.

இனிமேல்தான் கூத்து. முகவரியில் பழைய எண்ணா புதிய எண்ணா என்று இருக்காது. ஹவுசிங் போர்டு என்று மட்டும் எழுதியிருக்கும், பிளாக் எண் இருக்காது. போன் நம்பர் மகனுடையதாக இருக்கும், அவர் வேறு ஊரில் இருப்பார். சில குடும்பங்கள் நகரின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கே மாற்றப்பட்டிருக்கும். அந்த ஏரியாவின் நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள், எந்த மேப்பையும்விட அவருக்குத்தான் வழி தெரியும். தேடியும் கிடைக்காதவரைப் பட்டியலில் இருந்து அடித்துவிடாதீர்கள். "வீடு மாறியவர்", "முகவரி தவறு", "இறந்தவர்" என்று தனித்தனியாக எண்ணி எழுதுங்கள். எத்தனை பேரைச் சுகாதார நிலையமே தொலைத்துவிட்டது என்பதும் ஒரு முடிவுதான்.

படி 4: கேட்பது

"ஏன் வரவில்லை?" என்று கேட்டால் "டைம் இல்ல சிஸ்டர்" என்பதோடு முடிந்துவிடும். "மாத்திரை எப்போ தீர்ந்துச்சு? மறுநாள் காலையில எங்க இருந்தீங்க?" என்று கேளுங்கள். மீன் விற்கும் அம்மா விடியும் முன்பே காசிமேடு ஏலத்துக்குப் போய், கூடையோடு தெருத்தெருவாக அலைந்துவிட்டு மதியம்தான் வீடு திரும்புவார், ஓபி அதற்குள் முடிந்திருக்கும். மூட்டை தூக்குபவர் "லைன்ல நின்னா அன்னிக்குக் கூலி பூடும்" என்பார். லேட்டாக வந்ததற்குத் திட்டினார்கள், அதனால் போகவில்லை என்றும் வரும். திட்டியது நாமாகக்கூட இருக்கலாம், அதையும் அப்படியே எழுதுங்கள்.

பதில்களை வகைப்படுத்த பென்சான்ஸ்கியும் தாமஸும் 1981-ல் சொன்ன ஐந்து போதும்: மருந்தும் ஆளும் இருக்கிறார்களா, போய்ச் சேர முடிகிறதா, நேரம் ஒத்துவருகிறதா, செலவு தாங்குமா, அங்கே மனுஷனாக நடத்துகிறார்களா.

படி 5: கருவிகள்

பதில்களைப் போனிலேயே பதிய என் ஓட்டு கோபோ டூல்பாக்ஸ் என்ற செயலிக்கு. தமிழில் கேள்வி போடலாம், நெட் இல்லாமலும் பதியலாம், பிறகு அனுப்பிக்கொள்ளலாம். கூகுள் ஃபார்ம்ஸுக்கு நெட் வேண்டும், இதற்குச் சரிப்படாது. கணக்குக்கு ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள், இலவசம். அதே வேலைக்குக் காசு கேட்கும் எஸ்பிஎஸ்எஸ்ஸின் திருட்டுப் பிரதியைத் தேடி லேப்டாப்பில் வைரஸ் ஏற்ற வேண்டாம்.

படி 6: சராசரியை உடையுங்கள்

"100 பேரில் 30 பேர் விடுபட்டார்கள்" என்பது பேச்சுக்குச் சரி. அதையே ஆண், பெண், வேலை, வாடகை வீடு, தூரம் என்று பிரித்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் 10 இருக்கும், இன்னொன்றில் 60 இருக்கும். அந்த 60-தான் உங்கள் ஆய்வு.

படி 7: எடுத்துப் போங்கள்

பைண்டிங் பிரதி நூலகத்துக்கு. மெடிக்கல் ஆபீசருக்கு ஒரே பக்கம்: யார் விடுபடுகிறார்கள், எதனால், எதை மாற்றலாம் (வாரம் ஒரு மாலை ஓபி, கடலுக்குப் போகிறவருக்கு 2 மாத மாத்திரை). மாற்றினார்கள் என்றால் 3 மாதம் கழித்து அதே ரெஜிஸ்டரை மறுபடி எண்ணுங்கள்.

பின்சேர்க்கை 1: "மக்களைத் தேடி மருத்துவம்தான் வீட்டுக்கே வருகிறதே, இது எதற்கு?" என்று கருத்தில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தால் நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், ஆள் வரும்போது வீட்டிலும் இருக்க வேண்டும். பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர் அதிலும் விடுபடலாம். அதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: திருவொற்றியூரில் இருந்து ஒரு தங்கை, மீனவர்கள் வீட்டில் கிடைக்கவே மாட்டேன் என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள், அப்போது போங்கள். ஆனால் அப்போது ஓபிக்கும் வருவார்கள், அதனால் "இந்த மாதம் வாங்கினீர்களா?" என்று கேட்டால் எல்லாம் நன்றாக நடப்பது போலத் தெரியும். தடைக்கு முந்தைய மாதங்களைப் பற்றிக் கேளுங்கள், ரெஜிஸ்டர் தேதியோடு ஒத்துப் பாருங்கள்.