பம்பு காற்றை இழுக்குமா? கணினியில் ஓட்டிப் பார்க்கும் வழி

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோடு ஆலைகளில் வேலை பார்க்கும் நம்மாட்கள் அடிக்கடி கேட்கிறார்கள், கோடையில் தொட்டி மட்டம் இறங்கும்போது தண்ணீரில் சுழி விழுந்து பம்பு காற்றை இழுக்குமா என்று முன்கூட்டியே பார்க்க முடியுமா என்று. முடியும். தண்ணீரும் காற்றும் ஓடுவதைக் கணக்கிட்டுக் காட்டும் ஓப்பன்ஃபோம் மென்பொருள் இலவசம்தான். ஆனால் அதைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள்.

உறிஞ்சும் வாயின் விட்டம் 0.3 மீட்டர், அங்கே வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்றால் ஃப்ரூட் எண் (விட்டத்தை 9.81ஆல் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் வேகத்தை வகுத்தது) சுமார் 0.58 வரும். அதை 2.3ஆல் பெருக்கி, 1 கூட்டி, விட்டத்தால் பெருக்குங்கள். பம்புகளுக்குத் தரவிதிகள் வகுக்கும் ஹைட்ராலிக் இன்ஸ்டிட்யூட் தரும் இந்தக் கணக்குப்படி வாய்க்கு மேல் 70 செ.மீ. தண்ணீராவது நிற்க வேண்டும். உங்கள் தொட்டியில் 40தான் நிற்கிறதா? அப்போது முதலில் மட்டத்தை உயர்த்தப் பாருங்கள், கணினி அப்புறம்.

சரி, இப்போது மாடல். தண்ணீரும் காற்றும் தெளிவான பரப்பால் பிரிந்திருந்தால் விஓஎஃப், அதாவது ஒவ்வொரு சிறு கட்டத்திலும் தண்ணீரின் பங்கு எவ்வளவு என்று கணக்கு வைக்கும் முறை; ஓப்பன்ஃபோமில் அதற்கான நிரல் இன்டர்ஃபோம். கழிவுநீர்த் தொட்டிக்குள் காற்று ஊதுவதுபோலக் குமிழ் எங்கும் கலந்திருந்தால் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்த இரு ஓட்டங்களாக எடுத்துக்கொள்ளும் ஆய்லர்-ஆய்லர் முறைக்குப் போங்கள், ஏனென்றால் ஒவ்வொரு குமிழையும் பிடிக்கும் அளவு நுணுக்கமான மெஷ் (தொட்டியைப் பிரிக்கும் கட்டங்களின் வலை) போட்டால் எந்த ஆபீஸ் கணினியும் தாங்காது.

மென்பொருளோடு கூடவே வரும் டேம்பிரேக் (அணை உடைவு) உதாரணத்தை முதலில் ஓட்டுங்கள்: மெஷ் போட பிளாக்மெஷ், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சொல்ல செட்ஃபீல்ட்ஸ், கணக்கை ஓட்ட இன்டர்ஃபோம், அவ்வளவுதான். ஓடும்போது லாகில், அதாவது ஓட்டத்தின் பதிவில், ஆல்ஃபாவின் (கட்டத்தில் தண்ணீரின் பங்கு: 0 என்றால் காற்று, 1 என்றால் தண்ணீர்) குறைந்த, அதிக மதிப்புகள் வரும், படம் பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது முக்கியம். 0க்குக் கீழேயோ 1க்கு மேலேயோ கண்ணுக்குத் தெரிகிற அளவு போனால் முடிவை நம்பாதீர்கள், கூரன்ட் எண்ணை (ஒரு நேரப் படியில் ஓட்டம் எத்தனை கட்டம் தாண்டுகிறது என்ற அளவு) 0.5க்கு, தேவைப்பட்டால் 0.2க்கு இறக்குங்கள்; நேரம் இழுக்கும், இழுக்கட்டும்.

சொந்தத் தொட்டிக்கு வரும்போது தண்ணீர்ப் பரப்பிலும் வாயைச் சுற்றியும் மெஷ்ஷை நெருக்குங்கள், மற்ற இடத்தில் தாராளமாக விடலாம். பலர் தடுக்கி விழும் இடம் கொந்தளிப்பு மாடல், அதாவது ஓட்டத்தின் சிறு கலக்கங்களைத் தோராயமாகக் கணக்கில் சேர்க்கும் சமன்பாடுகள். சாதாரண கே-எப்சிலான் சுழியை மழுக்கிவிடும், திரையில் பரப்பு அமைதியாக இருக்கும், ஆலையில் பம்பு அதிரும். கே-ஒமேகா எஸ்எஸ்டி மாடலைப் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள், பிறகு மெஷ்ஷை இன்னொரு சுற்று நெருக்கி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு ஓட்டத்திலும் சுழி ஒரே இடத்தில் விழுந்தால், அதே மட்டத்தில் தொட்டியை மொபைலில் வீடியோ எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே மேலாளரிடம் அறிக்கை கொடுங்கள்.