ஐ.ஆர்.ஏ. கணக்கிலிருந்து தர்மம் செய்யப் போகிறீர்களா? காசைக் கையில் வாங்காதீர்கள்

நியூ ஜெர்சியில் நர்ஸாக வேலை செய்து ஓய்வுபெற்ற என் பெரியக்கா இப்போது உப்புவெளியில் எங்களோடு இருக்கிறார். திருகோணமலைக்கே வந்துவிட்டாலும் அமெரிக்கக் குடியுரிமை இருக்கிறதே, அதனால் அந்த நாட்டு வரிக் கணக்கு அவரை விடாது. படிவங்களை நிரப்புவது நான்தான்.

ஐ.ஆர்.ஏ. என்பது அமெரிக்காவில் ஓய்வுகாலத்துக்காக ஒருவர் தன் பெயரில் வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கு. சாதாரண ஐ.ஆர்.ஏ. சேமிப்பிலிருந்து எடுக்கும் காசு வருமானமாகிவிடும், வரி உண்டு. அதே காசு கணக்கை வைத்திருக்கும் நிறுவனத்திலிருந்து நேரே ஒரு தர்ம அமைப்புக்குப் போனால் வருமானத்தில் சேராது. இதைக் கியூ.சி.டி. என்பார்கள். முதலில் உங்கள் வங்கிக் கணக்குக்கு எடுத்து, பிறகு நீங்கள் கொடுத்தால் இந்தச் சலுகை போய்விடும். அமைப்பின் பெயருக்கு எழுதிய காசோலை உங்கள் கைக்கு வந்து, அதை நீங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதில் தவறில்லை. உங்கள் பெயருக்கு மட்டும் எழுதக் கூடாது.

வயதைச் சரியாகப் பாருங்கள். 70 வயதும் 6 மாதமும் நிறைந்த பிறகே கொடுக்கலாம். 1955 ஆகஸ்ட் 15இல் பிறந்தவருக்கு அது 2026 பெப்ரவரி 15. ஒருவருக்கான ஆண்டு உச்சவரம்பு 2025இல் 1,08,000 டொலர். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனி ஐ.ஆர்.ஏ. இருந்தால் வரம்பும் தனித்தனி. வேலை செய்யும் நிறுவனத்தின் மூலம் சேமிக்கும் 401(கே) என்ற ஓய்வுகாலக் கணக்கிலிருந்து இப்படிக் கொடுக்க முடியாது; அதை முதலில் ஐ.ஆர்.ஏ.வுக்கு மாற்ற வேண்டும்.

சரி, யாருக்குக் கொடுக்கலாம்? இங்கேதான் நம்மவர்களுக்கு மனம் நோகும். அக்காவின் ஆசை கோணேசர் கோயிலுக்கும் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுப்பது. ஆனால் ஐ.ஆர்.ஏ.விலிருந்து நேரே திருகோணமலைக்கு அனுப்பினால் அது கியூ.சி.டி. ஆகாது. அமெரிக்கச் சட்டப்படி தகுதி பெற்ற தர்ம அமைப்பாக இருக்க வேண்டும். இலங்கையில் உதவிப் பணி செய்யும் அப்படியான அமைப்புக்குக் கொடுக்கலாம். ஆனால் காசை எங்கே செலவழிப்பது என்று அந்த அமைப்பே முடிவெடுக்க வேண்டும். "இந்தக் கோயிலுக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள்" என்று கட்டளை போட்டுக் கொடுத்தால், அமைப்பு வெறும் தபால்காரனாகிவிடும், சலுகையும் கிடைக்காது. அமைப்பின் பெயரை அமெரிக்க வரித்துறையின் இணையத் தேடலில் பாருங்கள். காசைப் போட்டுவைத்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று பிறகு நீங்கள் ஆலோசனை சொல்லும் 'டோனர் அட்வைஸ்ட் ஃபண்ட்' வகை நிதிகளுக்குக் கொடுத்தாலும் கியூ.சி.டி. ஆகாது. விருந்துச் சீட்டு போன்ற பிரதிபலன் எதுவும் வாங்கக் கூடாது.

1951 முதல் 1959 வரை பிறந்தவர்கள் 73 வயதிலிருந்து ஆண்டுதோறும் கட்டாயம் ஒரு தொகை எடுக்க வேண்டும். கியூ.சி.டி. அந்தக் கணக்கில் கழியும். எடுக்க வேண்டியது 12,000 டொலர், அதில் 5,000 தர்மத்துக்குப் போனால், வரிக்கு வருவது 7,000தான். ஆண்டின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. கட்டாயத் தொகை முழுவதையும் முன்பே உங்கள் கைக்கு எடுத்துவிட்டால், பிறகு கொடுக்கும் தர்மம் எடுத்த காசின் வரியைக் குறைக்காது. வருமானம் குறைவாகத் தெரிவதால் மெடிக்கெயார் என்ற அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் உயராமல் இருக்கவும் இது உதவலாம். ஆனால் இதே தொகையை நன்கொடைக் கழிவாக மறுபடியும் காட்ட முடியாது.

ஆண்டில் எடுத்த தொகையைக் காட்டி ஐ.ஆர்.ஏ. நிறுவனம் அனுப்பும் படிவம் 1099-ஆர் வரும்போது முழுத் தொகையும் எடுத்ததாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் வரித்துறைக்கு அனுப்பும் 1040 என்ற வருமான வரிப் படிவத்தில் 4ஏ வரிசையில் மொத்தத்தையும், 4பீ வரிசையில் தர்மம் போக மிச்சத்தையும் எழுதி, கியூ.சி.டி. என்று குறியுங்கள். பிரதிபலன் எதுவும் தரவில்லை என்று சொல்லும் ரசீதை, படிவம் அனுப்புவதற்கு முன்பே அமைப்பிடமிருந்து எழுத்தில் வாங்கி வையுங்கள். ஐ.ஆர்.ஏ. காசோலைப் புத்தகத்திலிருந்து நீங்களே எழுதிக் கொடுப்பதானால், டிசம்பர் 31க்குள் காசு கணக்கிலிருந்து போயிருக்க வேண்டும். இங்கிருந்து தபால் போய்ச் சேர எடுக்கும் நாட்களையும் நினைத்து ஒக்டோபரிலேயே அனுப்பிவிடுங்கள்.