குழுவில் சேருமுன் ஒரு நிமிடம்

ஏற்காட்டில் காபி, மிளகு போட்டிருப்பவர்கள் பலர் ஏதாவது ஒரு குழுவில் இருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேருக்கும் உங்கள் எண் தெரியும். சொந்தபந்தம், பக்கத்துத் தோட்டக்காரர்கள் என்றால் சரி. முன்பின் தெரியாத கூட்டமா? டெலிகிராம்தான் என் ஓட்டு. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், ‘போன் நம்பர்’ என்பதில் ‘நோபடி’ வையுங்கள். அட்மின் அனுமதித்திருந்தால் பழைய பேச்சையும் படிக்கலாம். காபிக் காயைக் குடையும் காய்த் துளைப்பான் பூச்சிக்கு என்ன செய்வது என்று எட்டாவது ஆளாகக் கேட்க வேண்டாம்!

கூகுள் மீட், ஜூம் எல்லாம் நேரம் குறித்துப் பேச மட்டும். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் கேமராவை அணைத்துவிடுங்கள். குரலாவது அறுபடாமல் போகும். அப்புறம், பேசாதபோது மைக்கையும்.