லீவ் லெட்டரில் அப்போஸ்ட்ரபி எங்கே, யெஸ்டர்டே எங்கே?

உடைமைச் சொல்லும் காலச் சொல்லும் பள்ளியில் தனித்தனிப் பாடங்கள். லீவ் லெட்டர் எழுத உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். கீழே உள்ளவற்றை நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதியபடியே வாசியுங்கள்.

படி 1: உடையவர் ஒருவரா, பலரா?

ஒரு பையனின் பை என்றால் பாய்'ஸ் பேக். பல பையன்கள் என்றால் பாய்ஸ்' பேக்ஸ். பன்மையே எஸ்ஸில் முடிவதால் அப்போஸ்ட்ரபி குறி மட்டும் போதும். பாய்'ஸ், பாய்ஸ்' இரண்டும் காதுக்கு ஒன்றுதான், கண்ணுக்குத்தான் வேறு. குளச்சல் மீனவர்கள் பலராக இருந்தாலும் ஃபிஷர்மென்'ஸ் போட்ஸ்தான். அந்தப் பன்மையில் எஸ் இல்லையே!

இட்ஸ் தனி ரகம். வள்ளுவர் சிலை மொத்தம் 133 அடி. அதில் பீடம் 38 அடி. 'இட்ஸ் பெடஸ்டல்' என்பதை 'இட் இஸ் பெடஸ்டல்' என்று விரித்தால் உளறலாகிவிடும். ஆகவே குறி கிடையாது. விரித்தாலும் பொருள் வந்தால் மட்டும் குறி போடுங்கள்.

படி 2: காலம் எங்கே உட்காரும்?

'நான் நேற்று தோவாளைக்குப் போனேன்' என்பதை அதே வரிசையில் 'ஐ யெஸ்டர்டே வென்ட்' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இடம் முதலில், காலம் கடைசியில்: ஐ வென்ட் டு தோவாளை யெஸ்டர்டே. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் யெஸ்டர்டேயைத் தொடக்கத்தில் வைக்கலாம்; நடுவில் வேண்டாம்.

ஆல்வேஸ், யூஷுவலி போன்றவைதான் நடுவில் வரும்: ஐ ஆல்வேஸ் பை பிச்சி தேர் (அங்கே எப்போதும் பிச்சிப்பூ வாங்குவேன்). 'ஆம்', 'இஸ்', 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் அதற்குப் பின்னால்: தி மார்க்கெட் இஸ் ஆல்வேஸ் க்ரௌடட்.

யெஸ்டர்டே நைட் அல்ல, லாஸ்ட் நைட். டுடே மார்னிங் அல்ல, திஸ் மார்னிங். ஆனால் யெஸ்டர்டே மார்னிங் சரி. காரணம் தேடாதீர்கள், வழக்கு அப்படி. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் டூ டேஸ் பிஃபோர் வேண்டாம், டூ டேஸ் அகோ.

படி 3: காலமே உடைமையாளர்

யெஸ்டர்டே'ஸ் பேப்பர், ஒன் டே'ஸ் லீவ், டூ டேஸ்' லீவ். இங்கேயும் முதல் படியின் கணக்குதான். 'எ டூ-டே ட்ரிப்' என்று நடுவில் கோடு போட்டால் எஸ்ஸும் வேண்டாம், குறியும் வேண்டாம்.

இனி கடிதம்: மை சிஸ்டர்'ஸ் வெட்டிங் இஸ் இன் தக்கலை டுமாரோ. ஐ ரிக்வெஸ்ட் டூ டேஸ்' லீவ்.

குறி ஓர் எழுத்து தள்ளி சிஸ்டர்ஸ்' ஆகிவிட்டால், அக்காமார் எல்லோருக்கும் தக்கலையில் ஒரே நாளில் கல்யாணம் என்றாகிவிடும். அதற்கு இரண்டு நாள் லீவ் காணாது.