மீன்பிடிக்கப் போக வீட்டில் செய்யும் சின்ன ட்ரெயிலர்: பலகை வெட்டும் முன்பே நடக்கும் தவறுகள்

மே மாதம் பிறந்தால் ரொறன்ரோவில் இருந்து ரைஸ் ஏரிக்கும் சிம்கோவுக்கும் நிப்பிசிங்குக்கும் வாகனங்கள் வெளிக்கிடும். இரண்டு பேர் படுக்கவும் பின்கதவைத் தூக்கிச் சமைக்கவும் ஒரு சின்னப் பெட்டி ட்ரெயிலர் இருந்தால் மழையில் கூடாரம் அடிக்கும் பாடு இல்லை. பிளைவுட்டும் திருகாணியும் வாங்கி வீட்டுக் கராஜிலேயே இதைச் செய்து முடிக்கலாம். ஆனால் பாதியில் கைவிடப்பட்டு வளவில் கிடக்கும் ட்ரெயிலர்களில் பெரும்பாலானவை கைவேலை தெரியாமல் கெட்டவை அல்ல. கணக்குப் பார்க்காமல் தொடங்கியதால் கெட்டவை.

படத்தைப் பார்த்துத் தொடங்குவது

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வாகனத்தின் கைநூலில் இருக்கும் இழுவை எல்லை. ஒன்ராறியோவில் எங்கள் ஆட்களிடம் அதிகம் இருக்கும் ராவ்-4, சி.ஆர்-வி போன்ற வாகனங்களில் பல பெற்றோல் மாடல்களுக்கு அது 1,500 பவுண்ட், அதாவது 680 கிலோ. சில கார்களுக்கு இழுக்கவே வேண்டாம் என்று எழுதியிருக்கும். கடையில் ஹிட்ச் (ட்ரெயிலரைக் கொளுவும் இரும்பு) பூட்டித் தருகிறார்கள் என்பதற்காக வாகனத்தின் எல்லை உயராது. 2,000 பவுண்ட் ஹிட்ச் பூட்டினாலும் 1,500 பவுண்ட் வாகனம் 1,500 பவுண்ட் வாகனம்தான்.

இனி நிறையைக் கூட்டிப் பாருங்கள். 4×8 அடி வெறும் ட்ரெயிலர் பிரேம் ஏறக்குறைய 300 பவுண்ட். கவனமாகச் செய்த பெட்டி 500. மெத்தை, போர்வை 50. லிதியம் பற்றரியும் வயரும் 40. அடுப்பு, காஸ், பாத்திரம் 50. இருபது லீற்றர் தண்ணீர் 44. ஐஸ் போட்ட கூலர் 60. தூண்டில்கள், இரைப்பெட்டி, நீர்க்காற்சட்டை, சின்ன மின் மோட்டார் எல்லாம் சேர்த்து 70. கூரையில் ஒரு கயாக் 70. மாற்று ரயரும் நட்டுச் சாவிகளும் 50. மொத்தம் 1,234 பவுண்ட். எல்லாவற்றையும் அளவோடு செய்தும் மிச்சம் 266 பவுண்ட்தான். வாகனத்துக்குள் நான்கு பேரும் அவர்களுடைய பைகளும் இருந்தால் அந்த மிச்சத்தையும் நம்பக்கூடாது.

அந்த 500 பவுண்ட் பெட்டியில்தான் பலர் சறுக்குகிறார்கள். முக்கால் அங்குல பிளைவுட் 4×8 தாள் ஒன்று 65 முதல் 70 பவுண்ட் வரும். கால் அங்குலத் தாள் 25 பவுண்டுக்கும் குறைவு. பக்கச் சுவருக்கு முக்கால் அங்குலம் போடலாம். ஆனால் அதை முழுப் பலகையாக விடாமல், கதவுக்கும் தட்டுக்கும் தேவையான இடங்களை மட்டும் விட்டு நடுவை வெட்டி எடுங்கள். அந்த இடைவெளியில் நுரைப் பலகையை வைத்து வெளியேயும் உள்ளேயும் மெல்லிய தாளால் மூடினால் சுவர் சூடும் காக்கும், நிறையும் இறங்கும். கூரைக்கு மேற்பக்கமும் உட்பக்கமும் கால் அங்குலம் தாராளமாகக் காணும். வீடு கட்டும் 2×4 கட்டைகளால் பிரேம் அடிப்பது தேவையே இல்லாத பாரம், 1×2 போதும்.

ஈரம் தாங்கும் என்று பச்சை நிற மருந்து ஏற்றிய கட்டைகளை வாங்குவதும் கூடாது. அவை கடையில் இருக்கும்போதே ஈரமும் பாரமும் கூடியவை, காயும்போது முறுகும். அந்த மருந்தில் இருக்கும் செம்பு அலுமினியத் தகட்டையும் அரிக்கும்.

அச்சை நடுவில் வைப்பது

உயிருக்கு ஆபத்தான தவறு இதுதான். ட்ரெயிலரின் மொத்த நிறையில் 10 முதல் 15 சதவீதம் வாகனத்தில் கொளுவும் முனையில் இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் நெடுஞ்சாலையில் பெரிய லொறி ஒன்று கடக்கும்போது ட்ரெயிலரின் பின்பக்கம் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பிரேக் அடித்தால் ஆட்டம் கூடும். மறுபக்கம், 1,500 பவுண்ட் எல்லை உள்ள வாகனங்களில் முனைப் பாரத்தின் உச்சம் பெரும்பாலும் 150 பவுண்ட். ஆகவே மேலே கூட்டிய 1,234 பவுண்ட் ட்ரெயிலருக்கு 125க்கும் 150க்கும் இடையில்தான் நிற்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளி சின்னது. அதனால்தான் இதைக் கண்மதிப்பில் விடக்கூடாது.

எட்டு அடிப் பெட்டி என்றால் அச்சு முன்சுவரில் இருந்து ஏறக்குறைய 58 அங்குலத்தில் வருமாறு தொடங்குங்கள். அது நீளத்தின் 60 சதவீதம். சமையல் பகுதி பின்னால் இருப்பதால் அடுப்பு, கூலர், தண்ணீர் எல்லாம் பின்னுக்கு இழுக்கும். பற்றரியையும் கருவிகளையும் முன்முனைப் பெட்டிக்குக் கொண்டு போனால் சமன் வரும். தண்ணீர்த் தாங்கியை அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். அப்போது அது நிறைந்தாலும் வெறுமையானாலும் முனைப் பாரம் பெரிதாக மாறாது.

அளப்பதற்கு வீட்டுத் தராசே காணும். பயணத்துக்கு ஏற்றும் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, சமதரையில் சில்லுகளுக்கு ஆப்பு வையுங்கள். ஒரு வலிமையான பலகையின் ஒரு முனையைக் கல்லிலும் மறு முனையைத் தராசிலும், தாங்குமிடங்களுக்கு இடையில் மூன்று அடி வருமாறு, கிடைமட்டமாக வையுங்கள். கல்லில் இருந்து ஒரு அடியில் ட்ரெயிலர் முனையை இறக்கினால், தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கியதுதான் முனைப் பாரம். 45 காட்டினால் 135. பலகையின் நிறை சேராமல் இருக்க, முனையை இறக்கும் முன் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டு வரவும்.

கிடைத்த பிரேமை வாங்குவது

மீன்பிடிப்பவர்களுக்குப் பழைய படகு ட்ரெயிலர் மலிவாகக் கிடைக்கும், கைவிட மனமும் வராது. ஆனால் படகின் மோட்டார் பின்நுனியில் தொங்குவதால் அந்த ட்ரெயிலர்களின் அச்சு மிகவும் பின்னால் இருக்கும். அதன்மேல் பெட்டி வைத்தால் முனைப் பாரம் எல்லை தாண்டும். அச்சை முன்னுக்கு நகர்த்த முடியுமா என்று பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். குழாய்ச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும். சுத்தியலால் தட்டி, கூரான திருப்புளியால் குத்திப் பாருங்கள். பழைய மடிப்புக் கூடார ட்ரெயிலரின் பிரேம் இதைவிட நல்ல தொடக்கம். அது படுக்கை சுமக்கவென்றே செய்யப்பட்டது.

பலம் கூடினால் நல்லது என்று 3,500 பவுண்ட் அச்சு போடுவதும் தவறு. ஆயிரத்துச் சொச்சம் பவுண்ட் பெட்டிக்கு அந்த அச்சின் வில் (ஸ்பிரிங்) வளையவே வளையாது. வடக்கே சரளைக் கல் வீதியில் ஒவ்வொரு அதிர்வும் நேரே பெட்டிக்கு ஏறி, திருகாணிகள் கழன்று, பூச்சுகள் வெடிக்கும். 2,000 பவுண்ட் அச்சு இந்த அளவுக்குப் பொருந்தும்.

உரிமைப் பத்திரம் இல்லாத பிரேம் மலிவு போலத் தோன்றும், பதிவு செய்யப் போகும்போதுதான் வில்லங்கம் தெரியும். ஒன்ராறியோவில் சின்ன ட்ரெயிலருக்கும் இலக்கத்தகடு வேண்டும். சேர்விஸ் ஒன்ராறியோவில் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள், பொருள் வாங்கிய ரசீதுகளை வைத்திருங்கள். கொளுவியோடு பாதுகாப்புச் சங்கிலியும் கட்டாயம். இரண்டு சங்கிலிகளையும் முனைக்குக் கீழே குறுக்காக மாட்டவும். 1,360 கிலோ தொட்டால் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் வேண்டும். நாங்கள் பேசும் அளவு அதற்கு வெகு கீழே. ஓடும்போது ட்ரெயிலருக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது, நித்திரை கொள்ளும் பிள்ளைகளும்தான்.

ரயர் விடயத்தில் சிக்கனம் வேண்டாம். சின்ன ட்ரெயிலர்களில் வரும் 4.80-12 ரயரின் பி வகை ஒவ்வொன்றும் 785 பவுண்ட் தாங்கும், அதுவும் 60 பிஎஸ்ஐ காற்று இருந்தால். காருக்குப் போல 32 அடித்தால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். சி வகை 90 பிஎஸ்ஐயில் 990 பவுண்ட் தாங்கும், விலை வித்தியாசம் சொற்பம். ரயரில் வேறாக எழுதியிராவிட்டால் மணிக்கு 105 கிலோமீற்றரைத் தாண்ட வேண்டாம். பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் ரயர் செய்யப்பட்டது ஆண்டின் எத்தனையாவது கிழமை என்பது, கடைசி இரண்டும் ஆண்டு. பள்ளம் குறையாவிட்டாலும் ஆறு ஆண்டு கடந்த ரயரை மாற்றுங்கள்.

மழையைச் சிலிக்கனால் தடுப்பது

வெளிப்புற ஒட்டுகளுக்குச் சிலிக்கன் பூசுவது எல்லோரும் செய்வது. அது சில காலத்தில் விளிம்பில் உரியும். பிறகு அதன்மேல் பெயின்ரும் ஒட்டாது, வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது, புதுச் சிலிக்கனும் சரியாகப் பிடிக்காது. சன்னல், கதவு, கூரைத் துவாரச் சட்டங்களுக்குக் கீழே பியூட்டைல் நாடா (பிசுபிசுக்கும் இறப்பர் நாடா) வைத்து இறுக்கி, மேலே கூரைக்கென்றே விற்கும் சீலன்ற் பூசுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துத் திருத்தலாம்.

பிளைவுட் உறிஞ்சுவது முகப்பால் அல்ல, விளிம்பால். வெட்டிய ஒவ்வொரு விளிம்புக்கும், திருகாணி போகும் ஒவ்வொரு துளைக்கும் எபொக்சி ஊறவிடுங்கள். அடித்தளத்தின் கீழ்ப்பக்கத்தை பிரேமில் பூட்ட முன்பே பூசி முடிக்க வேண்டும். பூட்டியபின் கை எட்டாது. சில்லுக்கு மேலுள்ள மூடியின் ஓரம்தான் முதலில் உக்கும் இடம், அங்கே இரட்டைப் பூச்சு.

மூச்சு விட இடமில்லாமல் மூடுவது

இரண்டு பேர் நித்திரை கொண்டால் விடிவதற்குள் அரை லீற்றர் அளவு நீர் மூச்சிலும் வியர்வையிலும் காற்றில் சேரும். வெளியே 3 பாகை, உள்ளே நனைந்த சட்டைகள் என்றால் கூரையில் இருந்து முகத்தில் சொட்டும். கூரையில் 14 அங்குலத் துவாரத்தில் ஒரு விசிறி, கீழே கதவுப் பக்கம் காற்று வரும் சன்னல், இரண்டும் வேண்டும். வெளியேறும் வழி மட்டும் வைத்தால் காற்று ஓடாது. மெத்தைக்குக் கீழே சட்டங்கள் போட்டு ஒரு அங்குலம் இடைவெளி விடாவிட்டால் ஒரே பருவத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வலை வாங்கும்போது கண் மிக நுண்ணியதாகப் பாருங்கள். மேயிலும் யூனிலும் வடக்கே கடிக்கும் சின்னஞ்சிறு ஈக்களுக்குச் சாதாரண நுளம்பு வலை தடையே இல்லை.

குளிர் தாங்கவில்லை என்று காஸ் அடுப்பையோ கரியையோ உள்ளே மூட்டவே கூடாது. இவ்வளவு சின்ன இடத்தில் காபனோரொட்சைட்டு நித்திரையிலேயே கொல்லும். அதற்கான அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் பூட்டுங்கள். தடித்த போர்வையை நம்புங்கள்.

மின்சாரத்தில் ஆசை கூடுவது

இரண்டு இரவுக்கு லைற், விசிறி, கைத்தொலைபேசி மட்டும் என்றால் நாளொன்றுக்கு 25 ஆம்பியர்-மணி (பற்றரியில் இருந்து எடுக்கும் மின்னின் அளவு) காணும். 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அந்த 50 உங்களுக்குப் போதும். சின்னக் குளிர்சாதனப் பெட்டி வைத்தால் அதுமட்டும் நாளுக்கு 30, 40 கேட்கும். சனி ஞாயிறு பயணத்துக்கு ஐஸ் கூலரே சிக்கனம். லிதியம் பற்றரி நிறையில் பாதிக்கும் குறைவு, ஆனால் பூச்சியம் பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் பழுதாகும். படகு மோட்டாருக்கு எப்போதும் தனிப் பற்றரி. முழு வேகத்தில் அது 50 ஆம்பியர்வரை இழுக்கும். பற்றரியின் நேர்முனையில் இருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் வையுங்கள்.

பின்லைற் மங்கினால், ஒன்று எரிந்து ஒன்று எரியாவிட்டால், பெரும்பாலும் குற்றம் மின்னோட்டம் திரும்பும் வெள்ளை வயரில்தான். அதை பிரேமில் பெயின்ற் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்குங்கள். கொளுவிப் பந்து வழியாக மின்னோட்டம் திரும்பும் என்று விடாதீர்கள்.

மீனையும் இரையையும் மறப்பது

தூண்டில் கம்பு ஒரே துண்டாக ஏழு அடி என்றால் 84 அங்குலம். எட்டு அடிப் பெட்டியில் சுவர்களையும் சமையல் தடுப்பையும் கழித்தால் உள்ளே அந்த நீளம் மிஞ்சாது. கூரையோரம் வெளியே ஒரு பூட்டுப் போட்ட பிளாஸ்ரிக் குழாய் வையுங்கள், அல்லது இரண்டு துண்டுக் கம்பு வாங்குங்கள். நனைந்த காற்சட்டைக்கும் சப்பாத்துக்கும் வெளியே வடிகால் துளையுள்ள பெட்டி வேண்டும். படுக்கை அறைக்குள் ஒருமுறை புகுந்த மீன் வெடுக்கு பிளைவுட்டை விட்டுப் போகாது.

கரடி உள்ள காடுகளில் அந்த வெடுக்கே அழைப்பு. மெல்லிய பின்கதவு கரடிக்குத் தடை இல்லை. மீன், இரை, கூலர் எல்லாவற்றையும் இரவில் வாகனத்துக்குள் பூட்டுங்கள். இரைவாளித் தண்ணீரை ஏரியிலோ கரையில் இருந்து 30 மீற்றருக்குள்ளோ ஊற்றுவது ஒன்ராறியோவில் குற்றம், அதனால் வாளியை வைக்கச் சாயாத ஒரு இடம் திட்டத்திலேயே இருக்கட்டும்.

முதல் ஓட்டத்துக்கு நிப்பிசிங் வேண்டாம், ஒரு மணித்தியாலத் தூரத்துக்குள் போய் ஒரு இரவு தங்குங்கள். சில்லு நட்டுகளைப் புறப்படும்போது முறுக்கு அளக்கும் சாவியால் இறுக்கி, 15, 40, 80 கிலோமீற்றரில் நிறுத்தித் திரும்ப இறுக்கவும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சில்லின் நடுவில் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பெயரிங்கில் கிறீஸ் இல்லை, அல்லது பெயரிங்கைப் பிடிக்கும் அச்சு நட்டு அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது.