ஏற்றத்தாழ்வுக் கணக்கில் நாம் சறுக்கும் இடங்கள்

2025 ஜூலையில் ஒரு செய்தி பரவலாகப் பகிரப்பட்டது. இந்தியாவின் கினி குறியீடு (0 என்றால் முழுச் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவருக்கே) 25.5, உலகின் மிகச் சமமான நாடுகளில் நமக்கு நான்காவது இடம் என்றது அது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2022-23ல் நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதம் உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினருக்குப் போகிறது என்று உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் கணக்கிட்டிருந்தது. இரண்டும் எப்படி ஒரே நாடாக இருக்க முடியும்?

இருக்க முடியும். முதல் எண், குடும்பங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன என்ற கணக்கெடுப்பிலிருந்து வந்தது. இரண்டாவது, வருமான வரித் தரவுகளையும் சேர்த்து வருமானத்தை அளந்தது. மாதம் பத்தாயிரம் வரும் குடும்பம் அதை முழுதாகச் செலவழித்துவிடும்; பல மாதங்களில் கடனும் வாங்கும். பத்து லட்சம் வருபவர் இரண்டு லட்சம் செலவழித்துவிட்டு மிச்சத்தை நிலத்திலும் பங்குகளிலும் போடுவார். வருமானத்தில் நூறு மடங்கு இடைவெளி, செலவில் இருபது மடங்காகச் சுருங்கித் தெரியும். போதாக்குறைக்கு, பெரும் பணக்காரர்கள் இத்தகைய கணக்கெடுப்புகளில் அகப்படுவதே அபூர்வம். பிரேசில் போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலோ வருமானத்தை வைத்து அளக்கிறார்கள். அந்த எண்ணையும் நம் எண்ணையும் ஒரே பட்டியலில் வைத்து ரேங்க் போடுவதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. இந்தியச் சந்தையைத் திறந்துவிட்ட 1991 சீர்திருத்தம் யாருக்கு நல்லது செய்தது என்ற விவாதம் பாதி இங்கேயே கோணலாகிவிடுகிறது.

அடுத்தது, “வறுமை குறைந்ததே, அப்புறம் என்ன?” என்ற கேள்வி. சீனாவைப் பாருங்கள். 1978க்குப் பிறகு முதல் சீர்திருத்தம் வயலில்தான் நடந்தது. நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டார்கள். கிராமத்தாரைப் போல 2.5 மடங்குக்கும் மேல் இருந்த நகரத்தார் வருமானம், 1980களின் நடுவில் இரண்டு மடங்குக்கும் கீழே வந்தது. பிறகு கவனம் கடலோர நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் திரும்பியது. 2000களில் இடைவெளி மூன்று மடங்கைத் தாண்டியது. இந்தக் காலத்தில் கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே வறுமைக்கு ஒரு கணக்கு, இடைவெளிக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போட வேண்டும். எந்தத் துறையை முதலில் திறந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

பாராட்டு முழுவதையும் ஒரே திட்டத்துக்குக் கொடுப்பதும் தவறுதான். பிரேசிலில் ஏற்றத்தாழ்வு குறைந்ததற்கு 2003ல் வந்த ஏழைக் குடும்பங்களுக்கான ‘போல்சா ஃபமிலியா’ உதவித்தொகைதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அது நல்ல திட்டம்தான், ஆனால் அதன் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய அரை சதவீதமே. கூலி இடைவெளி சுருங்கியதுதான் அதைவிடப் பெரிய காரணம். குறைந்தபட்ச ஊதியம் தொடர்ந்து உயர்ந்தது, அதோடு சேர்ந்து ஓய்வூதியமும் உயர்ந்தது, பள்ளிப் படிப்பும் பரவியது. பிறகு வரித் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, உச்சி 1 சதவீதத்தினரின் பங்கு பெரிதாகக் குறையவில்லை என்று தெரிந்தது. 1996 முதல் 2025 வரை அங்கே டிவிடெண்டுக்கு, அதாவது நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் லாபத்துக்கு, வருமான வரியே இருக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது.

சந்தையைத் திறந்தால் ஏழை நாட்டுத் தொழிலாளியின் கூலி ஏறும் என்ற பாடப்புத்தகச் சூத்திரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். மெக்சிகோ 1980களின் நடுவில் திறந்தது. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையிலான கூலி வித்தியாசம் அதற்குப் பிறகு கூடியது. இந்தியாவில் 80 சதவீதத்துக்கும் மேல் இருந்த சராசரி இறக்குமதி வரி, 1996க்குள் 37 சதவீதத்துக்கு இறங்கியது. அந்தக் குறைப்பு அதிகம் தாக்கிய கிராமப்புற மாவட்டங்களில் வறுமை மெதுவாகத்தான் குறைந்தது என்று பொருளியலாளர் பெட்டியா டோபலோவா கண்டறிந்தார். வேலை போனால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

கடைசியாக, பணம் எங்கே செலவாகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, அது யாரிடமிருந்து வருகிறது என்பதை விட்டுவிடுகிறோம். இலங்கையில் 2019 டிசம்பரில் வாட் வரியை (பொருள் வாங்கும்போது கட்டும் மதிப்புக் கூட்டு வரி) 15லிருந்து 8 சதவீதமாக்கினார்கள், வருமான வரியையும் வெகுவாகக் குறைத்தார்கள். வருமான வரிக் குறைப்பின் பலன் நாட்கூலிக்காரருக்குப் போகவில்லை, அவர் ஏற்கெனவே அந்த வரி கட்டுபவரல்லர். 2022ல் பொருளாதார நெருக்கடி வந்த பிறகு, 2024 ஜனவரியில் வாட் 18 சதவீதமானது. அதை அவரும் கடையில் கட்டுகிறார். 2023ல் அரசு தன் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோதும் வங்கிகளிடம் இருந்த ரூபாய்க் கடன்பத்திரங்களைத் தொடவில்லை. தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியம் போன்றவற்றைத் தொட்டார்கள்.